அவள் வாடகைக்கு எடுத்த சர்வர்

நாற்பத்தைந்து வயது வரை உதயசூரியனுக்குத் தான் பொறாமைக்காரன் என்று தெரியாது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் கடைத்தெருவில் அவனுடைய கடைக்கு இரண்டு பக்கமும் வேறு கம்ப்யூட்டர் கடைகள் வந்தன, போயின. ஒருவன் கலர் ஜெராக்ஸ் வைத்தான், ஒருவன் ஏசி போட்டான். யாரைப் பார்த்தும் அவன் வயிறு எரிந்ததில்லை. எரியத் தொடங்கியபோது அது சொந்த மனைவியைப் பார்த்து எரிந்தது. வெளியில் சொல்லவும் முடியவில்லை.

அவனுடைய அப்பா பொதுப்பணித் துறை வேலைக்காக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். மகனுக்கு அரசாங்க வேலை அமையவில்லை. 2006இல் ஒரு சின்ன அறையைப் பிடித்து 'சூர்யா கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டினான். கப்பல் டிக்கெட் விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட், பாஸ்போர்ட் போட்டோ என்று ஆரம்பித்து, மெல்ல வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டான். தீவுக்கு அப்போது இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தான். மழை பிடித்தால் அதுவும் கிடையாது. ஒரு லாட்ஜ் அறையின் படத்தை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பாதி ஏறியிருக்கும். அந்தக் காலத்திலேயே ஏழெட்டு லாட்ஜுகளுக்கும் ஒரு ஸ்கூபா கம்பெனிக்கும் அவன் சைட் போட்டுக் கொடுத்தான். மெயின்லேண்டிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியதில்லை, சூர்யா பாய் இருக்கிறான் என்று அபர்தீன் பஜார் வரைக்கும் பேர் இருந்தது.

இந்திராணி, பஸ்ஸில் அரை நாள் தொலைவில் இருக்கும் ரங்கத்துப் பெண். அவளுடைய அம்மாவும் அப்பாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் பால் எடுக்கும் வேலைக்கு வந்து, பிறகு ரங்கத்தில் வீடு கட்டியவர்கள். பன்னிரண்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. கல்யாணமான இரண்டாம் மாதமே கடையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தி, இங்கிலீஷ் இரண்டிலும் டைப் அடிப்பாள். வாடிக்கையாளர்கள் கணவனிடம் பேசுவார்கள், அவள் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருப்பாள். பதினைந்து வருடம் அப்படித்தான் போயிற்று.

கொரோனாவில் கடை மூடிக் கிடந்த வருடம் கடலுக்கடியில் சென்னையிலிருந்து கேபிள் வந்தது. திடீரென்று வீடியோக்கள் நிற்காமல் ஓடின. இந்திராணி இந்தியில் லினக்ஸ் இயங்குதளப் பாடம் நடத்தும் ஒருவரின் வீடியோக்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். பழைய லேப்டாப் ஒன்றில் அப்படியே செய்து பார்த்தாள். சந்தேகம் வந்தால் கணவனைக் கேட்டாள். முதல் மூன்று கேள்விகளுக்கு அவனுக்குப் பதில் தெரிந்தது. நாலாவதுக்குத் தெரியவில்லை.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்கு வேணும். நமக்கு எதுக்கு?" என்றான்.

அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவனுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

பாராடாங் தீவில் சுண்ணாம்புக் குகைக்குப் படகு விடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் பிரவீன்குமார், உதயசூரியனின் பழைய வாடிக்கையாளர். காட்டு வழியாகப் போலீஸ் காவலோடு வரிசையில் வரும் வண்டிகள் ஜெட்டியில், படகுத்துறையில், வந்து நின்றதும் டூரிஸ்ட்டுகள் படகு டோக்கனுக்கு முண்டியடிப்பார்கள். முந்தின நாளே நெட்டில் டோக்கன் எடுக்க வழி செய்ய முடியுமா என்று பிரவீன்குமார் கேட்டார். உதயசூரியன் மூன்று வாரத்தில் செய்து கொடுத்தான். அதைத் தன்னுடைய மற்ற சைட்டுகள் இருந்த இடத்திலேயே வைத்தான். அது நூறு பேர் ஒன்றாகக் குடியிருக்கும் லாட்ஜ் மாதிரி. ஒரே சர்வரில், சைட்டுகளைத் தாங்கும் ஒரே கம்ப்யூட்டரில், எல்லோருடைய சைட்டும் இருக்கும். மவுஸால் க்ளிக் செய்தால் வேலை முடிந்துவிடும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு முன்பதிவு திறந்தது. பத்தேகாலுக்கு சைட் படுத்துவிட்டது. எழுந்தபோது ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தது. மறுநாள் ஜெட்டியில் அடிதடி. பிரவீன்குமார் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"அரே சூர்யா பாய், இதுக்கு பழைய லைனே அச்சா இருந்துச்சு. எங்க ஆளுங்க என்னை ஜெட்டில நிக்க விடமாட்டேங்கறான்."

உதயசூரியன் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது இந்திராணி டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"அந்த எடம் பத்தாதுங்க. சென்னையில டேட்டா சென்டர் இருக்கு. அதுல நமக்குன்னு தனியா ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்துக்கலாம். வெறும் மிஷின் தருவாங்க, மத்ததெல்லாம் நாமளே போட்டுக்கணும்."

"யாரு போடுறது?"

"நான் போடுறேன்."

உதயசூரியன் சிரித்தான். பிரவீன்குமார் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, அண்ணி முறை வைத்து, "பாபி, கித்னா தின், எத்தன நாள் ஆகும்?" என்றார்.

"நாலு நாள் குடுங்க, அண்ணே."

அந்த நாலு நாளும் உதயசூரியன் வேலை செய்வதுபோல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. ஒரு வரி அடிப்பாள், பத்து வரி பதில் வரும், அதைப் படிப்பாள், கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள். முதல் நாள் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, தன் பேரில் ஒரு கணக்கு உண்டாக்கி, பாஸ்வேர்டு அடித்து எவனும் உள்ளே நுழைய முடியாதபடி சாவிக் கோப்பு வைத்தாள். அந்தக் கோப்பு இருக்கும் லேப்டாப்பிலிருந்து மட்டும்தான் உள்ளே போகலாம். இரண்டாம் நாள், வருகிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற நிரலைப் போட்டாள். மதியம் அவனைக் கூப்பிட்டாள்.

"என்னாங்க, இங்க வாங்களேன். வந்துருச்சு."

புது சர்வர் அனுப்பிய முதல் பக்கம்: பிரவுசரில் வெள்ளைப் பின்னணியில் ஒரு வரவேற்பு வாசகம், கீழே இரண்டு வரி. அவ்வளவுதான். ஆனால் அவள் முகம் சிவந்திருந்தது. தான் முதல் லாட்ஜின் படத்தை ஏற்றிய அன்று தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் நெஞ்சில் ஏதோ கடித்தது.

"இதுல என்ன இருக்கு? வெறும் பக்கம்" என்றான்.

அவள் திரும்பிக் கறுப்புத் திரையில் அடுத்த வரியை அடித்தாள்.

மூன்றாம் நாள் டோக்கன் சைட்டை அதில் ஏற்றிவிட்டு அவனிடம் ஒரே ஒரு வேலை கேட்டாள். சைட்டின் பெயர் அவன் கணக்கில் பதிவாகியிருந்தது. அதைப் பழைய இடத்திலிருந்து புது சர்வரின் எண்ணுக்குத் திருப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவன் காலையிலிருந்து மாலை வரை இழுத்தடித்தான். 'இரு, ஆள் நிக்கிறாங்க' என்றான். 'லேமினேஷன் மிஷின் மக்கர் பண்ணுது' என்றான். அவள் நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை கேட்காமல் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அப்போதுதான் செய்தான்.

நாலாம் நாள் சைட் பெயருக்குப் பக்கத்தில், பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுப் படம் வந்தது. வேண்டாதவர்களைத் தடுக்கும் ஃபயர்வாலைப் போட்டு, தேவையான மூன்று வாசல்களை மட்டும் திறந்துவைத்தாள். பொங்கல் விடுமுறையில் பாராடாங்குக்கு வந்த கூட்டத்தை அந்தச் சர்வர் அசையாமல் தாங்கியது. பிரவீன்குமார் போன் செய்தார். உதயசூரியன் எடுத்து, "எப்படி பாய்?" என்றான்.

"ஏக்தம் பட்டியா, சூப்பரா ஓடுது. பாபிகிட்ட போன் குடு."

அந்தக் கடைசி வாக்கியம் அதன்பின் அவனை விடவில்லை. பிரவீன்குமார் சொல்லி ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு ரிசார்ட்காரர் வந்தார். அவரும் 'மேடம் இருக்காங்களா?' என்றார். சைக்கிள், ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற ஒரு வங்காளி வந்து, உதயசூரியன் எதிரிலேயே நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உதயசூரியன் எல்லோரிடமும் "எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்று சொல்லிப் பார்த்தான். இந்திராணி மறுக்கவில்லை. அவள் மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவள் எதையாவது உன்னிப்பாக அடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே, "இந்தா, இந்த ஆதார் கார்ட ஜெராக்ஸ் எடு" என்பான். எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

அவள் மதியம் வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவனும் அந்த இந்தி வாத்தியாரின் வீடியோக்களை ஒளித்து ஒளித்துப் பார்த்தான். ஆறாவது பாடத்தில் தலை சுற்றியது. அவளால் எப்படி முடிந்தது என்று வியக்கவில்லை. அவளுக்கு முடிந்ததே என்றுதான் எரிந்தது.

பிப்ரவரியில் ரங்கத்தில் இந்திராணியின் தங்கை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். கடையை மூட முடியாது என்று அவன் தங்கிவிட்டான். அவள் வெள்ளிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் போனாள். லேப்டாப்பைக் கடையிலேயே விட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு லாட்ஜ் ஒச்சப்பன் வந்தார். உசிலம்பட்டிக்காரர். உதயசூரியன் முதன்முதலில் சைட் போட்டுக் கொடுத்தது அவருடைய லாட்ஜுக்குத்தான்.

"இந்திராணி இல்லையாப்பா?"

"ரங்கத்துக்குப் போயிருக்கா. என்னண்ணே விஷயம்?"

"நம்ம லாட்ஜையும் அந்த மாதிரி தனி சர்வர்ல வைக்கணும்ல. சரி, அது ஊர்லருந்து வரட்டும், வாரேன்."

"ஏண்ணே, நான் பண்ணமாட்டேனா?"

ஒச்சப்பன் சங்கடப்பட்டார். "நீ பண்ணுவப்பா. யாரு இல்லைன்னா? ஆனா அது கையில குடுத்தா நிம்மதியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்ய" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

உதயசூரியன் அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்தான். பிறகு அவளுடைய லேப்டாப்பைத் திறந்தான். சாவிக் கோப்பு அதில்தான் இருந்தது. சர்வருக்குள் போவதற்கான வரி, அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து, மனப்பாடம். உள்ளே போனபின் முக்கியமான கட்டளை போடும்போதெல்லாம் அவள் அடிக்கும் பாஸ்வேர்டும் அப்படியே.

உள்ளே போய்ப் பெரிதாக எதையும் கெடுக்க அவன் நினைக்கவில்லை. அவள் செய்யாத ஒன்றைச் செய்து வைக்க வேண்டும், அவள் வந்ததும் 'இதை நீ விட்டுட்டியே' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஃபயர்வாலை இன்னும் கெட்டியாக்குவது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்திருந்தான். அதில் சொன்னபடி பழைய விதிகளையெல்லாம் முதலில் அழித்தான். புது விதி எழுதுவதற்கு முன்னால் ஃபயர்வாலை இயக்கிவிட்டான். இப்போதைய இணைப்பு அறுந்துபோகலாம், தொடரலாமா என்று அது கேட்டது. ஆம் என்பதற்கு 'ஒய்' அடித்து என்டரைத் தட்டினான்.

திரை உறைந்தது. எந்த விசையை அழுத்தினாலும் அசையவில்லை. மூடித் திறந்து மறுபடி உள்ளே போகப் பார்த்தான். பதிலே இல்லை. போனில் படகு சைட்டைத் திறந்தான். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லா வாசலையும் அடைத்து, தானும் வெளியே நிற்கிறோம் என்று புரிய அவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

இந்திராணிக்கு போன் செய்தால் போதும். போனைக் கையில் எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். அவள் வந்து இதைச் சரி செய்வதைவிட இது இப்படியே செத்துக் கிடக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தான்தான் நினைத்தோமா என்று அவனுக்கே திடுக்கென்றது. கல்லாவுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தான். வந்தவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

ஒரு மணிக்குப் பிரவீன்குமார் கூப்பிட்டார்.

"பாய், சைட் பந்த் ஹை. நாளைக்கு புக்கிங் ஒண்ணும் ஆகல. க்யா ஹுவா, என்ன ஆச்சு?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அவ ஏதோ செட்டிங் மாத்திருக்கா பாய்" என்றான் உதயசூரியன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்ததுபோல் வந்தது. "நான் என்னன்னு பாக்கறேன்."

பிரவீன்குமார் விடவில்லை. இந்திராணிக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சடங்கு வீட்டில் சிக்னல் சரியில்லை. மூன்றரைக்குத்தான் அவளைப் பிடித்தார். அடுத்த ஐந்தாவது நிமிடம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் மேளச் சத்தம்.

"என்னாங்க, சர்வர்ல யாராச்சும் கை வச்சாங்களா?"

"யாரு வைக்கப்போறா? என்னன்னே தெரியல."

"சரி, பொட்டியத் தொறங்க. சர்வர் குடுத்த கம்பெனி சைட்டுக்குள்ள போங்க. எனக்கு ஓடிபி வரும், வாசிக்கிறேன். அங்கன கன்சோல்னு ஒன்னு இருக்கும். வாசக்கதவு பூட்டிக்கிட்டா ஓட்டப் பிரிச்சு எறங்குற மாதிரி அது. தொறந்துருச்சா?"

திறந்தது. அவள் எழுத்து எழுத்தாகச் சொல்ல அவன் அடித்தான். "ஸ்பேஸ் விட்டீங்களா?" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் கேட்டாள்.

"இப்ப ஃபயர்வால் விதி எல்லாம் வரும். என்னா எழுதிருக்கு, வாசிங்க."

"ஒண்ணும் இல்ல."

"ஒன்னுமே இல்லையா?"

"இல்ல."

மேளச் சத்தத்தைத் தாண்டி அவள் பேசினாள். குரல் மாறியிருந்தது. "இருவத்திரண்டாம் நம்பர் வாசலத் தொறந்து விடுங்க. அப்புறம் எம்பது. அப்புறம் நானூத்தி நாப்பத்தி மூணு." வேறெதுவும் கேட்கவில்லை. நாலு மணிக்குப் படகு சைட் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வந்தாள். சடங்குப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள், பயணக் களைப்பென்று படுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவு அது.

"சனிக்கெழம பதினொன்னு இருவது. என் பேருல உள்ள போயிருக்கு. நான் அந்நேரம் பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

அவன் திரையையே பார்த்தான்.

"பிரவீன் அண்ணே என்னா சொன்னாரு தெரியுமா? 'பாபி, செட்டிங்க மாத்திட்டுப் போயிட்டீங்களாமே, ஜிம்மேதாரியோட, பொறுப்பாப் பண்ணுங்க'ன்னாரு. நான் மன்னிப்புக் கேட்டேன், அத்தன சனத்துக்கு நடுவுல நின்னு. தெரியாமப் பண்ணது பரவால்லீங்க. நானும் அந்தப் பழைய லேப்டாப்புல எத்தன தடவ கெடுத்துருக்கேன். ஏன் என் பேரச் சொன்னீங்க?"

பொய் சொல்ல அவனுக்குள் எதுவும் மிச்சமில்லை.

"எல்லாரும் உன்னையத்தானே கேக்குறாங்க" என்றான். "என் கடைக்குள்ள வந்து, என் முன்னாடி உக்காந்து, உன்னைய. என்னால தாங்க முடியல."

அவள் திகைக்கவில்லை. இதைச் சொல்லக் கேட்பதற்காகவே காத்திருந்தவள்போல் இருந்தாள்.

"பதினஞ்சு வருஷம் உங்களத்தான் கேட்டாங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்துருந்தேன். ஒருத்தர்கூட இந்தப் பக்கம் மூஞ்சத் திருப்பல. எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இல்லாமலா இருந்துச்சு? எத்தன நாள் உங்க சைட்டு ஏறக்கூடாதுன்னு நெனச்சிருக்கேன் தெரியுமா? நெனச்சேன். கை வைக்கல."

அவளிடமும் இது இருந்திருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவளைப் பற்றி அப்படி எதையுமே நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்துப் பிரவீன்குமாரைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான். தப்பு தன்னுடையது, தான்தான் அவள் பேரில் பழி போட்டோம் என்று இந்தியில் சொன்னான். பிரவீன்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூர்யா பாய், இது எனக்குச் சொன்னா பத்தாது. பாபிக்குச் சொன்னியா?" என்றார்.

அன்றே இந்திராணி பாஸ்வேர்டை மாற்றினாள், சாவியையும் மாற்றினாள். அவனுக்கென்று அவன் பேரிலேயே ஒரு கணக்கு உண்டாக்கிக் கொடுத்தாள். அதில் எல்லாவற்றையும் படிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. அது அவனுக்கு ரொம்ப வலித்தது. பத்து நாள் அவள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. பதினோராவது நாள், பதிவுகளை எப்படிப் படிப்பது என்று அவன் கேட்டான். சொல்லிக் கொடுத்தாள். இரண்டு முறை கேட்டும் புரியாததை மூன்றாவது முறையும் சொன்னாள்.

இப்போது இந்திராணி பதினோரு சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒச்சப்பனின் லாட்ஜும் அதில் ஒன்று. உதயசூரியன் தினமும் காலையில் கடை திறந்ததும் எல்லாச் சர்வரின் பதிவுகளையும் படித்து, எங்கேயாவது கோளாறு தென்பட்டால் அவளிடம் சொல்கிறான். சைட் எப்படி இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் பேசுவதும் படம் எடுப்பதும் அவன் வேலை. பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. யாராவது நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டால் இன்னும் ஒரு கடி கடிக்கிறது.

போன மாதம் போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு சர்வர் அமைப்பதைப் பற்றிப் பேச அவளைக் கூப்பிட்டார்கள். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டான். அவள் இந்தியில் பேசினாள், இரண்டு இடத்தில் திக்கினாள், மாணவர்கள் சிரித்தபோது அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பொறாமையா இருந்துச்சு" என்றான் முன்னால் பார்த்தபடி.

"அது இருக்கட்டும். பேச்சு எப்புடி இருந்துச்சு? அதச் சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு. அந்த கன்சோல் விஷயத்த மட்டும் வேகமா சொல்லிட்ட. பின்னாடி உக்காந்தவங்களுக்குப் புரியல."

"அப்புடியா?" என்று அவள் யோசித்தாள். ஜங்லிகாட் திருப்பத்தில் மீன்காரர்களின் கூட்டம். அவன் வண்டியை மெதுவாக ஓட்டினான்.